தேய்த்தால் தேயும் கவசம்

1907ஆம் ஆண்டு ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தின் வணிகப் பொறுப்பாளர் கிளாட் ஜான்சன், அந்நிறுவனத்தின் 40/50 குதிரைத்திறன் வண்டிகளில் ஒன்றை விளம்பரத்துக்கென்று தனியாக அலங்கரிக்கச் செய்தார். விளக்குகளுக்கும் கைப்பிடிகளுக்கும் வெள்ளி முலாம் பூசப்பட்டது. பார்க்கர் நிறுவனம் கட்டிய உடற்பகுதி முழுவதும் வெள்ளியாய் ஒளிர்ந்தது. 'சில்வர் கோஸ்ட்' என்ற பெயர் அந்த வண்டிக்கு வந்து, பிறகு அந்த வரிசைக்கே நிலைத்துவிட்டது. ஆனால் உடலில் தெரிந்த வெள்ளி நிறம் மெருகேற்றிய உலோகத்தின் நிறம் அல்ல, அலுமினியப் பொடி கலந்த பெயின்ட். வெறும் உலோகத்தைத் தேய்த்துப் பளபளக்க வைத்துக் காட்சிக்கு நிறுத்தும் வழக்கம் அன்றைய பணக்கார வீடுகளின் கார் கொட்டகைகளில் இருந்தது. ஆயிரக்கணக்கான மைல் ஓடிக் காட்ட வேண்டிய வண்டிக்கோ பெயின்ட்தான் பூசப்பட்டது. காரில் அலுமினியத்தின் ஒளியைக் காப்பாற்ற நூறாண்டுக்கு மேலாக நடந்துவரும் முயற்சிகளைத் தொடர்ந்து பார்த்தால் ஒரு முடிவு தெளிவாகக் கிடைக்கிறது. மெருகு வேறு, காப்பு வேறு. தேய்ப்பது காப்பைக் கூட்டுவதில்லை, குறைக்கிறது. இந்த உலோகத்தின் பளபளப்பை நிலைக்க வைத்த முறைகள் எல்லாம், அது ஆக்சிஜனோடு சேர்வதைத் தடுக்க முயன்றவை அல்ல. அந்தச் சேர்க்கையை ஏற்றுக்கொண்டு ஒழுங்குபடுத்தியவை.

அலுமினியத்துக்குத் துரு கிடையாது என்பார்கள். பாதி சரி. இரும்பின் துரு உதிர்ந்து உதிர்ந்து அடியிலுள்ள உலோகத்தைக் காற்றுக்குத் திறந்து விடுகிறது. அலுமினியத்தின் ஆக்சைடு உதிர்வதில்லை. புதிதாக அறுத்த அலுமினியத்தின் முகத்தில் காற்று பட்ட கணத்திலேயே இரண்டு முதல் நான்கு நானோமீட்டர் கனத்தில் ஒரு படலம் மூடிக்கொள்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது, நிறமில்லை, ஆனால் கடினம். உலோகத்தின் உடலை அதுதான் காக்கிறது. 1884இல் வாஷிங்டன் நினைவுத்தூணின் உச்சியில் ஏறக்குறைய 2.8 கிலோ எடையுள்ள அலுமினிய முனை ஒன்றை வைத்தார்கள். ஐம்பது ஆண்டு மழை, பனி, இடிக்குப் பிறகு 1934இல் மேலே ஏறிப் பார்த்தபோது, மின்னல் தாக்கி நுனி மழுங்கியிருந்ததே தவிர, அதில் பொறித்த எழுத்துகளைப் படிக்க முடிந்தது. 1893இல் லண்டன் பிக்காடில்லியில் ஆல்ஃபிரட் கில்பர்ட் வார்த்து நிறுத்திய சிறகு முளைத்த அலுமினியச் சிலை நகரத்து நிலக்கரிப் புகையைத் தாங்கி நின்றது. ரோம் நகரின் சான் ஜோவக்கீனோ தேவாலயத்துக் குவிமாடத்தின் மேல் 1897இல் போர்த்திய அலுமினியத் தகடு பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் நல்ல நிலையில் இருந்தது. இவை எதுவும் பளபளப்பாக இல்லையே என்று கேட்கலாம். சாம்பல் பூத்து மங்கித்தான் இருந்தன, யாரும் தேய்க்கவில்லை. தேய்க்காததால்தான் நீடித்தன என்பதே நான் சொல்ல வருவது.

இந்தப் படலம் எல்லா இடத்திலும் நிற்பதில்லை. பி.எச். அளவு ஏறத்தாழ 4க்கும் 8.5க்கும் நடுவே இருக்கும்வரை நிற்கும். அமிலமோ காரமோ கூடினால் கரையும். உப்பிலுள்ள குளோரைடு அதை அங்கங்கே துளைத்து உள்ளே குழி பறிக்கும். ஈரத்தில் செம்போ எஃகோ அருகில் தொட்டுக்கொண்டிருந்தால், மின்வேதி வினையில் அலுமினியம்தான் கரைந்து போகும். 1898இல் சென்னைக் கலைப்பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கி வைத்த நாளிலிருந்து நம் வீடுகளில் பாத்திரம் துலக்கியவர்களுக்கு இந்த வேதியியலின் ஒரு பகுதி கைப்பழக்கமாகவே தெரியும். அலுமினியச் சட்டியைச் சாம்பல் போட்டுத் துலக்கினால் கை கறுக்கும். விறகுச் சாம்பலின் காரம் படலத்தைக் கரைக்கிறது, துகள் அடியிலுள்ள உலோகத்தைச் சுரண்டுகிறது. கையில் ஒட்டும் கறுப்பு அழுக்கு அல்ல, மிக நுண்ணிய அலுமினியமும் அதன் ஆக்சைடும். கார்ச் சக்கரத்தை மெருகுக் களிம்பு போட்டுத் தேய்ப்பவரின் துணி கறுப்பதும் இதே காரணத்தால்தான். அந்தக் கறுப்பைப் பார்த்து அழுக்கு போகிறது என்று மகிழ்கிறோம். உண்மையில் போவது சக்கரம்.

கார்த் தொழிலுக்குள் அலுமினியம் அழகுக்காக வரவில்லை, எடைக்காக வந்தது. வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்து 1901இல் நீஸ் நகரப் பந்தயங்களில் வென்ற 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் வண்டியின் எஞ்சின் அடிப்பெட்டி அலுமினிய வார்ப்பு. அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் பியர்ஸ் ஆரோ நிறுவனம் உடற்பகுதித் தகடுகளையே அலுமினியத்தில் வார்த்துப் பொருத்தியது. வார்ப்பு சுலபம், எடை குறைவு, கையால் வளைத்தும் செதுக்கியும் சரிசெய்ய முடியும் என்பதால் உடல் கட்டும் கைவினைஞர்கள் இதை விரும்பினார்கள். அவர்கள் கையில் அது இயல்பாகவே மெருகேறியது. 1910களிலும் 1920களிலும் எஞ்சின் மூடியை மட்டும் பெயின்ட் பூசாமல் கண்ணாடி போல் தேய்த்து வைத்த வண்டிகள் செல்வச் செழிப்பின் அடையாளமாக ஓடின. அந்த ஒளிக்குப் பின்னால் சம்பளம் வாங்கும் ஓட்டுநர் ஒருவர் இருந்தார். வண்டி ஓட்டுவது அவருடைய வேலையில் பாதி. மழையில் நனைந்து வந்த இரவே துடைக்க வேண்டும். காலையில் களிம்பு தடவித் தேய்க்க வேண்டும். மெழுகோ எண்ணெயோ பூசி வைக்க வேண்டும். அன்றைய மெருகுக் களிம்புகள் நுண்துகளும் கொழுப்பும் கரைப்பானும் சேர்ந்த கலவைகள். பல உலோக மெருகுகளில் அமோனியாவும் இருந்தது, அதுவும் காரம். பல அலுமினிய மெருகுகளில் அரைக்கும் துகளாக இருப்பது அலுமினிய ஆக்சைடுதான். உலோகத்தின் கவசமாக எது நிற்கிறதோ அதே பொருளைப் பொடியாக்கி, அந்தக் கவசத்தை அரைக்கிறோம். தேய்த்து முடித்த நொடியில் புதிய படலம் உண்டாகிவிடும் என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு முறையும் அது உலோகத்தின் செலவில் உண்டாகிறது. கவசம் புதுப்பிக்கப்படுகிறதே தவிர ஒருபோதும் தடிப்பதில்லை. அந்த மூடிகள் நீடித்ததற்குக் காரணம் மெருகு அல்ல, பெயர் எழுதப்படாத அந்த ஓட்டுநர்களின் உழைப்பு. கார் வரலாற்று நூல்கள் உடல் கட்டியவரின் பெயரைப் பொறித்து வைத்திருக்கின்றன. இவர்களைப் பற்றி ஒரு வரி இருக்காது.

வெற்று அலுமினியத்தின் மேல் நமக்கு இருக்கும் மயக்கத்தைப் பெரிதும் வளர்த்தது பந்தயம். 1924 ஆகஸ்டில் லியோன் நகரப் பந்தயத்துக்கு எத்தோரே புகாட்டி கொண்டுவந்த டைப் 35 வண்டியில் எட்டுத் தட்டை ஆரங்கள் கொண்ட வார்ப்பு அலுமினியச் சக்கரங்கள் இருந்தன. இன்றைய அலாய் வீலின் மூதாதை அதுதான். 1932இல் பெர்லினின் அவுஸ் சாலையில் மான்ஃப்ரெட் ஃபான் பிரவுகிட்ச் பெயின்ட் பூசாத அலுமினிய உடலோடு ஒரு மெர்சிடிஸை ஓட்டி வென்றார். 1934 ஜூனில் நூர்புர்க்ரிங்கில் 750 கிலோ வரம்புக்குள் எடையைக் கொண்டுவர இரவோடு இரவாக வெள்ளைப் பெயின்டைச் சுரண்டி எடுத்தார்கள், அப்படித்தான் 'வெள்ளி அம்புகள்' என்று பெயர் பெற்ற பந்தய வண்டிகள் பிறந்தன என்று மெர்சிடிஸ் அணித் தலைவர் ஆல்ஃபிரட் நொய்பவர் பல ஆண்டுகள் கழித்துச் சொன்னார். வரலாற்று ஆய்வாளர்களில் பலர் இந்தக் கதையை நம்புவதில்லை. அவர்கள் பக்கம்தான் சான்று கனமாக இருக்கிறது. கதை உண்மையா என்பதைவிட அது ஏன் இவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்பது இங்கே முக்கியம். பந்தய வண்டியின் உடல் ஒரு நாள் மின்னினால் போதும். மறுநாள் பத்து மெக்கானிக்குகள் அதைக் கழற்றிக் கழுவித் துடைப்பார்கள். ஒரு பருவம் முடிந்தால் அந்த உடலே இருக்காது. அந்தப் புகைப்படங்களைப் பார்த்து வளர்ந்த ரசிகர், பத்தாண்டு தெருவில் நிற்கப்போகும் தன் வண்டியிலும் அதே வெற்று ஒளியை எதிர்பார்க்கிறார்.

நீடிக்கும் ஒளிக்கான உண்மையான விடை காரிலிருந்து வரவில்லை, கடல் விமானத்திலிருந்து வந்தது. ஆல்ஃபிரட் வில்ம் 1906இல் பெர்லின் அருகே கண்டறிந்த, உலோகக் கலவை நாள்பட உறுதியாகும் முதிர்வுமுறையின் வழியே, சுமார் 4 விழுக்காடு செம்பு கலந்த டியூராலுமின் உருவானது. எஃகுக்கு நிகரான வலிமை அதற்கு இருந்தது. ஆனால் அந்தச் செம்பே அதன் பலவீனம். உப்பு நீரில் இறங்கி எழும் விமானங்களின் டியூராலுமின் உறுப்புகள் விரைவாக அரித்துப்போயின. பிரிட்டனில் கை பெங்கோவும் ஜான் ஸ்டூவர்ட்டும் 1923இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை இந்தச் சிக்கலைத் தலைகீழாக அணுகியது. உறுப்பைக் குரோமிக் அமிலக் கரைசலில் தொங்கவிட்டு, அதையே நேர்மின்முனையாக்கி மின்சாரம் செலுத்தினார்கள். அரிப்பைத் தடுக்க நினைப்பவர் யாரும் துணியாத செயல் இது. உலோகத்தை வேண்டுமென்றே ஆக்சிஜனேற்றம் செய்கிறார்கள், ஆனால் கட்டுப்பாட்டோடு. சில நானோமீட்டர் கனத்தில் நிற்கும் படலம் பல மைக்ரான்களாக, அதாவது ஆயிரம் மடங்காக வளர்ந்தது. மடிப்புகளிலும் ரிவெட் இடுக்குகளிலும் மீந்து தங்கும் குரோமிக் அமிலம் உலோகத்தைத் தின்னாமல் அரிப்பை அடக்கியதால் விமானக் கட்டுமானத்துக்கு அது பொருந்தியது. குறை, படலம் சாம்பல் நிறத்தில் மங்கலாக இருந்தது. 1927இல் கோவரும் ஓ'பிரையனும் கந்தக அமிலத்தில் இதையே செய்து காட்டியபோது நிறமற்ற, ஒளி ஊடுருவும் படலம் கிடைத்தது. அனோடைசிங் எனப்படும் இந்த முறை அழகுத் தொழிலுக்குள் நுழைந்தது அந்த வாசல் வழியாகத்தான்.

இந்தப் படலத்தின் அமைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் பின்னால் வந்த வெற்றிகளும் தோல்விகளும் அதில்தான் அடங்கியிருக்கின்றன. உலோகத்தோடு ஒட்டிய அடியில் துளையற்ற மெல்லிய தடுப்பு அடுக்கு. அதன் மேல் அறுகோண அறைகள் நெருக்கமாக நிற்கும் தடித்த அடுக்கு, ஒவ்வொரு அறையின் நடுவிலும் மேல்நோக்கித் திறந்த ஒரு நுண்துளை. 1953இல் அமெரிக்க அலுமினிய நிறுவனமான அல்கோவாவின் கெல்லர், ஹன்டர், ராபின்சன் மூவரும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து இந்த அமைப்பை விளக்கினார்கள். துளைகள் திறந்தே இருந்தால் அழுக்கும் உப்பும் உள்ளே இறங்கும். ஆகவே கொதிநீரிலோ நீராவியிலோ வைத்து, ஆக்சைடை நீரோடு சேர்த்து உப்ப வைத்து, துளைகளை அடைக்க வேண்டும். ஜப்பானில் சேத்தோவும் மியாதாவும் இந்த அடைப்பு முறையை முன்பே வளர்த்திருந்தார்கள். பொன்னிறம் தோய்ந்த 'அலுமைட்' மதிய உணவு டப்பாக்கள் அந்த நாட்டு வீடுகளில் பரவியிருந்தன. இது பூச்சு அல்ல என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. பெயின்ட் உலோகத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அனோடைஸ் படலம் உலோகத்திலிருந்தே உண்டாகி, பெரும்பகுதி உள்நோக்கி வளர்ந்திருக்கிறது. அதை உரித்தெடுக்க முடியாது, அதன் அடியில் ஈரம் ஊர்ந்து போக இடைவெளி இல்லை.

ஆனால் ஒளியின் கேள்வி தனியாக நின்றது. படலம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அடியிலுள்ள உலோகம் மின்ன வேண்டுமே. 1930களில் விளக்குப் பிரதிபலிப்பான்களுக்காக அமெரிக்காவில் ஆல்சாக், பிரிட்டனில் பிரைட்டல் என்ற முறைகள் வந்தன. இரண்டிலும் மின்வேதி முறையில் மேற்பரப்பு சமப்படுத்தப்பட்டு, அதன் மேல் படலம் வளர்க்கப்பட்டது. பிறகு பாஸ்பாரிக், நைட்ரிக் அமிலக் கலவையில் முக்கி எடுக்கும் மலிவான முறையும் சேர்ந்தது. அமெரிக்கக் கார்களின் அலங்காரப் பட்டைகளுக்கு இது வந்து சேர்ந்ததற்குப் போரும் ஒரு காரணம். 1950 முதல் 1953 வரை கொரியப் போரில் நிக்கல் கட்டுப்படுத்தப்பட்டதால், குரோம் முலாமுக்கு அடியில் இருக்க வேண்டிய நிக்கல் குறைந்து, அந்த ஆண்டுகளின் பம்பர்களும் பட்டைகளும் சீக்கிரமே பொரிந்தன. மாற்றுத் தேடியவர்களின் கண்ணில் அலுமினியம் பட்டது. 1956இன் பிளிமத் ஃபியூரியின் பக்கவாட்டில் ஓடிய பொன்னிறப் பட்டை அனோடைஸ் செய்த அலுமினியம். 1957இன் செவ்ரோலே பெல் ஏர் வண்டியின் பின்புறப் பக்கவாட்டில் வரிவரியாக ஒளிரும் வெள்ளித் தகடும் அதுவே. இவற்றுக்கென்று இரும்பும் சிலிக்கானும் மிகக் குறைவாக, மெக்னீசியம் மட்டும் அளவோடு சேர்த்த தனிக் கலவைகளை உருவாக்கினார்கள். கலப்படத் துகள்கள் படலத்துக்குள் சிக்கினால் அது பால் நிறமாகிவிடும் என்பதே காரணம். பனி உருக்கச் சாலையில் உப்பு கொட்டும் வழக்கம் அமெரிக்காவில் பெருகிய ஆண்டுகளும் இவைதான். இந்தப் பட்டைகளுக்கு யாரும் களிம்பு போட வேண்டியிருக்கவில்லை, சோப்புத் தண்ணீர் போதுமானதாக இருந்தது. முன்பு ஓட்டுநரின் தோளிலிருந்த வேலையைத் தொழிற்சாலையின் தொட்டி ஏற்றுக்கொண்டது.

சக்கரத்தின் கதை இவ்வளவு எளிதாக முடியவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டெட் ஹாலிபிராண்ட் பந்தய வண்டிகளுக்கு மெக்னீசியச் சக்கரங்களை வார்த்தார். அலுமினியத்தையும்விட இலேசு, ஆனால் அரிப்பில் அதைவிட மோசம். தெரு வண்டிகளுக்கு வந்தபோது அதே வடிவங்கள் அலுமினியத்துக்கு மாறின. 1966இல் போர்ஷே 911 எஸ் வண்டியோடு வந்த ஃபுக்ஸ் சக்கரம் இந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமான சான்று. ஜெர்மனியின் மைனெர்ட்ஸ்ஹாகன் ஊரில் ஓட்டோ ஃபுக்ஸ் நிறுவனம் அதை வார்க்கவில்லை. சூடேற்றிய அலுமினியக் கட்டியை அச்சில் அழுத்தி வடித்தது. அப்படி வடிக்கும் கலவையில் சிலிக்கான் குறைவு, ஆகவே மெருகேற்றி அனோடைஸ் செய்ய முடிந்தது. அந்த வெள்ளி ஒளி அப்படித்தான் கிடைத்தது. வார்க்கும் சக்கரத்தின் நிலை வேறு. உருகிய உலோகம் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடி நிரம்ப ஏறக்குறைய 7 விழுக்காடு சிலிக்கான் வேண்டும். சிலிக்கான் அனோடைஸ் ஆகாது. துகள் துகளாகப் படலத்தில் சிக்கி, சக்கரத்தைக் கரிச்சாம்பல் நிறமாக்கிவிடும். சக்கரத்தை எப்படி வடிக்கிறோம் என்ற செலவுக் கணக்கே அதை எப்படிக் காக்கலாம் என்பதையும் முடிவு செய்துவிடுகிறது. வார்ப்பு மலிவு என்பதால் உலகின் பெரும்பாலான அலாய் வீல்கள் வார்ப்புதான். ஆகவே அவற்றுக்கு லேக்கர், கிளியர் கோட் போன்ற ஒளி ஊடுருவும் பூச்சுகள் தவிர வேறு வழி இருக்கவில்லை.

ஃபுக்ஸ் சக்கரத்தின் பிற்காலம் என் வாதத்தை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. பழைய வண்டிகளை மீட்டெடுப்பவர்கள் பலர், மங்கிய அந்தச் சக்கரங்களை இன்னும் பளபளப்பாக்க நினைத்து, காஸ்டிக் சோடாவில் அனோடைஸ் படலத்தைக் கரைத்துவிட்டு பஃப் இயந்திரத்தில் தேய்க்கிறார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்ததைவிடக் கூடுதலாக அது மின்னும். அனோடைஸ் படலத்துக்கென்று ஒரு மென்மையான, சற்றே அடங்கிய ஒளி உண்டு, வெற்று உலோகத்தில் அந்த அடக்கம் இல்லை. ஆனால் ஈரம் பட்ட சக்கரத்தில் வெள்ளை பூக்கத் தொடங்கும். மறுபடி தேய்க்க வேண்டும், பிறகும் தேய்க்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் தொட வேண்டியில்லாத ஒரு பொருளை, மாதந்தோறும் கவனிக்க வேண்டிய பொருளாக மாற்றியது அந்த மெருகுதான்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். இன்று தெருவில் ஓடும் சக்கரங்களில் மிகப் பெரும்பாலானவை லேக்கரால்தான் காக்கப்படுகின்றன, பல ஆண்டுகள் நன்றாகவே இருக்கின்றன. லேக்கர் ஆக்சைடை வளர்ப்பதில்லை, காற்றை அடைத்து வைக்கிறது. அப்படியானால் ஆக்சிஜனை ஏற்றுக்கொண்ட முறைகளே வென்றன என்று எப்படிச் சொல்வது? லேக்கர் எதன் மேல் நிற்கிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும். வெற்று அலுமினியத்தின் மேல் நேராகப் பூசிய லேக்கர் நீடிப்பதில்லை. 1915இல் ஜெர்மனியில் பவரும் ஃபோகலும் தொடங்கி, பிறகு பலர் செப்பனிட்ட முறைப்படி, முதலில் குரோமேட் கரைசலில் முக்கி உலோகத்தின் முகத்தையே வேறொரு ஆக்சைடு அடுக்காக மாற்றிவிட்டுத்தான் பூச்சை ஏற்றுகிறார்கள். லேக்கரின் ஆயுள் அதன் அடியிலுள்ள அந்த மெல்லிய அடுக்கின் ஆயுள். அது எங்கே பலவீனமோ அங்கே லேக்கரும் தோற்கிறது. வார்த்துப் பெயின்ட் பூசிய சக்கரத்தின் முகத்தை மட்டும் லேத்தில் சீவிப் பளபளக்க வைத்து, மேலே கிளியர் கோட் பூசும் 'டைமண்ட் கட்' சக்கரங்கள் அதற்குச் சரியான சாட்சி. சீவிய கூர் விளிம்புகளில் பூச்சு மெலிந்து நிற்கும். ஒரு கல் தெறித்தாலோ, டயர் மாற்றும் கருவி உரசினாலோ அந்த இடத்தில் வாய் திறக்கும். காற்றின் ஈரம் 75 விழுக்காட்டுக்கு மேல் இருந்து, கொஞ்சம் உப்பும் சேர்ந்தால், பூச்சுக்கு அடியில் வெண்ணூல் போன்ற கோடுகள் வளைந்து வளைந்து நகரத் தொடங்கும். இழையரிப்பு இது. இழையின் தலைப்பகுதியில் அமிலமும் குளோரைடும் தேங்கி, அங்கே ஆக்சிஜன் குறைவாகவும் வாலில் கூடுதலாகவும் இருப்பதால் ஒரு மின்கலமே அமைந்து, தலை முன்னோக்கித் தின்றுகொண்டே போகிறது. வெளியிலிருந்து எந்தக் களிம்பாலும் அதைத் தொட முடியாது. பூச்சையெல்லாம் எடுத்து, மறுபடி சீவ வேண்டும். அப்படிச் சீவுவதற்கும் ஓர் எல்லை உண்டு.

குரோமேட்டின் விலையையும் மறைக்கக் கூடாது. ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது. அதைக் கையாண்ட பட்டறைத் தொழிலாளர்களின் மூக்கும் நுரையீரலும்தான் பல பத்தாண்டு அந்தச் சக்கரங்களின் பளபளப்புக்கு விலை கொடுத்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000ஆம் ஆண்டு வாகனக் கழிவு ஆணை அதைக் கார்களிலிருந்து நீக்கச் சொன்னது. அரிப்புக்காப்புப் பூச்சுகளுக்குக் கொடுத்த விலக்கு 2007 ஜூலையோடு முடிந்தது. அதன் இடத்தில் டைட்டேனியம், சிர்கோனியம் சார்ந்த கரைசல்களும் மெல்லிய அனோடைஸ் அடுக்குகளும் வந்தன. இவையும் அதே கொள்கையின்படி, உலோகத்தின் முகத்தை ஆக்சைடாக மாற்றுபவைதான்.

இன்னொரு மறுப்பு, கண்டுபிடிப்பாளர்களிடமிருந்து அல்ல, பயன்படுத்துவோரிடமிருந்து வருவது. எனக்கு அதன்மேல் மதிப்பு உண்டு. அல்கோவா 1948இல் கனரக லாரிகளுக்கு அடித்து வடித்த அலுமினியச் சக்கரத்தைக் கொண்டுவந்தது. அமெரிக்க நெடுஞ்சாலைகளில் அவற்றை வெறுமையாகவே மெருகேற்றி ஓட்டும் லாரிக்காரர்கள் தலைமுறைகளாக இருக்கிறார்கள். லேக்கர் பொரிந்தால் சக்கரமே அசிங்கம், அனோடைஸ் படலத்தில் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போட முடியாது. வெற்று உலோகத்தையோ ஒரு துணியும் களிம்பும் இருந்தால் சாலையோரத்திலேயே சரிசெய்துவிடலாம் என்பது அவர்கள் வாதம். உண்மை. பழுதுபார்க்கும் எளிமையில் வெற்று உலோகத்தை மிஞ்ச எதுவும் இல்லை. தடித்த சக்கரத்தில் தேய்ப்பினால் போகும் உலோகம் வலிமையைப் பாதிக்கும் அளவும் அல்ல. கடலிலிருந்து விலகிய, உலர்ந்த ஊர்களில் மெழுகு பூசிய வெற்று மெருகு பல வாரம் தாக்குப்பிடிக்கும். ஆனால் இந்த வாதம் முழுவதும் உழைப்பைக் கணக்கில் சேர்க்காத வாதம். லாரியைத் தன் பிழைப்பாகவும் பெருமையாகவும் நினைப்பவர் ஞாயிற்றுக்கிழமையை அதற்குக் கொடுக்கலாம். பத்து லட்சம் வண்டி விற்கும் நிறுவனம் வாங்குபவரிடம் அதைக் கேட்க முடியாது. 2000களில் அல்கோவாவே 'டியூராபிரைட்' என்ற பெயரில், மெருகேற்றிய முகத்தோடு இணைந்து நிற்கும்படி செய்த ஒரு பரப்புச் சிகிச்சையை விற்கத் தொடங்கியது. சோப்பும் தண்ணீரும் போதும், மெருகுக் களிம்பு தேவையில்லை என்பதே அதன் விளம்பரம். ஔடி நிறுவனத்தின் அனுபவமும் இதையே சொல்கிறது. 1991இல் டோக்கியோ கண்காட்சியில் அவுஸ் குவாட்ரோ என்ற மாதிரியின் தகட்டைக் கண்ணாடியாகத் தேய்த்து நிறுத்தினார்கள், 1993இல் ஃபிராங்க்ஃபர்ட்டிலும் மெருகேற்றிய அலுமினிய உடலையே காட்டினார்கள். 1994இல் அதன் வழியே விற்பனைக்கு வந்த ஏ8 வண்டியின் உடலும் அலுமினியம்தான், ஆனால் பெயின்ட் பூசியது.

அனோடைசிங்கும் தோற்ற ஓர் இடம் உண்டு. தூரிகை தொடாமல், அழுத்தமான ரசாயன நுரையாலேயே கழுவும் தானியங்கிக் கார் கழுவுமிடங்கள் பரவியபோது, ஜெர்மானிய உயர்தரக் கார்களின் ஜன்னல் ஓரப் பட்டைகளிலும் கூரைத் தண்டுகளிலும் பால் வழிந்து காய்ந்தது போன்ற கறைகள் தோன்றின. கறை என்று சொன்னாலும் ஒட்டியிருப்பது எதுவுமில்லை. நுரையின் காரம் 8.5 என்ற எல்லையை வெகுவாகத் தாண்டியதால், படலத்தின் மேற்பகுதியே கரைந்து மங்கியிருந்தது. ஆக்சைடை நம்பும் கொள்கையே தவறு என்று சிலர் இதைக் காட்டுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொதிநீர் அடைப்பு மழையையும் உப்பையும் நினைத்து உருவாக்கப்பட்டது, காரத்தை நினைத்து அல்ல. குறை அடைப்பில் இருந்தது, படலத்தில் அல்ல. கார் நிறுவனங்கள் பி.எச். 13.5 வரையிலான கரைசலில் முக்கிப் பார்க்கும் சோதனைகளைக் கேட்கத் தொடங்கின, அனோடைஸ் பட்டறைகள் துளைகளைச் சிலிகேட் சேர்த்து அடைக்கும் முறைகளால் பதில் அளித்தன. ஆனால் ஏற்கெனவே வெளுத்துப்போன பட்டைக்கு அந்த முன்னேற்றத்தால் பயனில்லை. கறையைக் களிம்பு போட்டுத் தேய்த்து எடுக்க முடியும், அடியில் கண்ணைப் பறிக்கும் வெள்ளி ஒளியும் தெரியும். சில மைக்ரான் கனமே உள்ள படலம் அந்தத் தேய்ப்பில் முழுவதும் போய்விட்டிருக்கும், அடுத்த கழுவலுக்கு முன் நிற்பது வெற்று உலோகம். அதனால்தான் விவரம் தெரிந்த பட்டறைக்காரர் அந்தப் பட்டைகளைத் தேய்க்க ஒப்புக்கொள்வதில்லை. கழற்றிவிட்டுப் புதிதாக மாட்டச் சொல்கிறார்.